உஷார்! உங்கள் வளவை வேறு யாரோ பார்க்கிறார்கள்

செட்டிநாட்டுக் கொத்தமங்கலத்தில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கு இப்போது காவல்காரரோடு கேமராவும் வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு முகப்பையும், உள்முற்றமுள்ள வளவையும் செல்போனில் பார்த்துக்கொள்கிறார்கள். பர்மா தேக்குத் தூண், பித்தளை அண்டா எல்லாம் பத்திரம் என்று ஒரு நிம்மதி. ஆனால், நீங்கள் பார்க்கும் அதே வளவை முன்பின் தெரியாத ஒருவனும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கேமரா மாட்ட வருகிறவர், காட்சிகளைப் பதிவுசெய்யும் டிவிஆர் பெட்டியை லேன் கேபிளால் ரூட்டரில் செருகுவார். யூசர்நேம் 'அட்மின்'. பாஸ்வேர்டு 'அட்மின்123'. "அப்புறம் மாத்திக்கலாம் சார்" என்பார். யாரும் மாற்றுவதில்லை.

ரூட்டரின் வேலைகளில் இரண்டு முக்கியம். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.5, 192.168.1.6 என்பதுபோல ஓர் உள்விலாசம் கொடுக்கும். கூப்பிடாமல் வெளியிலிருந்து வருவதை உள்ளே விடாது. வெளியூரிலிருந்து கேமராவைப் பார்ப்பதற்காக இந்த இரண்டாவது காவலைத்தான் சிலர் 'போர்ட் ஃபார்வர்டிங்' செய்து தளர்த்திவிடுகிறார்கள். முன்வாசலில் பெரிய பூட்டைத் தொங்கவிட்டு, பின்தெருக் கதவைத் திறந்துபோட்ட கதைதான். அப்படித் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடுவதற்கென்றே இரவும் பகலும் ஓடும் நிரல்கள் இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பெயர் அவற்றுக்குத் தெரிய வேண்டியதில்லை.

மிகைப்படுத்தவில்லை. 2016-இல் 'மிராய்' என்ற நச்சு நிரல், கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கும் அறுபது சொச்சம் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. அவற்றை ஏவி அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களுக்கு விலாசம் காட்டும் 'டைன்' நிறுவனத்தைத் தாக்க, அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் திணறின. நம் நாட்டுக்கு வருவோம். 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் யூடியூபில் ஏறி, டெலிகிராமில் விற்பனைச் சரக்காகின. சிகிச்சைக்கு வந்த பெண்களின் காட்சிகள்!

இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. அதே ரூட்டரில்தான் கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டரும் இருக்கும். ஒரே நெட்வொர்க்கில் இருப்பவை ஒன்றையொன்று எட்டிப் பிடிக்க முடியும். டிவிஆர் வழியாக நுழைந்தவனுக்கு, எல்லோருக்கும் திறந்துவிட்ட ஷேர்டு ஃபோல்டர் கைக்கெட்டும் தூரம். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற நச்சு நிரல் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பக்கத்துக் கம்ப்யூட்டருக்குத் தாவியதும் விண்டோஸின் ஃபைல் ஷேரிங் ஓட்டை வழியாகத்தான். அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போடாதவர்கள் அழுதார்கள்.

அடுத்து வைஃபை. நம் சுவர்களின் கனத்துக்கு அது இரண்டாங்கட்டைத் தாண்டாது. அதற்காகப் பழைய ரூட்டர் ஒன்றைச் செருகுகிறவர்கள், அதில் விலாசம் கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, முதல் ரூட்டரோடு மோதாத விலாசமும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் போட்டி போட்டு விலாசம் கொடுக்க, நெட் வருவதும் போவதுமாக இருக்கும். அதிலும் பழைய பாஸ்வேர்டு அப்படியே கிடந்தால் இன்னொரு வாசல் திறந்தாயிற்று.

செய்ய வேண்டியது அதிகமில்லை. டிவிஆர், ரூட்டர் இரண்டுக்கும் வெவ்வேறு நீளமான பாஸ்வேர்டு வையுங்கள். போர்ட் ஃபார்வர்டிங்கையும், கருவிகள் தாமாகவே வாசல் திறந்துகொள்ள விடும் யூபிஎன்பியையும் அணைக்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து பார்ப்பதற்கு, மறையாக்கப்பட்ட தனிவழியான விபிஎன் நல்லது. முடியாவிட்டால் இரட்டைச் சரிபார்ப்பு உள்ள, கேமரா கம்பெனியின் சொந்தச் செயலி. வந்துபோகும் விருந்தாளிக்கு கெஸ்ட் வைஃபை. புதுக் கேமரா வாங்கினால், 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறையில் உள்ள அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறியதா என்று கேளுங்கள். படுக்கையறைப் பக்கம் கேமராவே வேண்டாம்.

கடைசியாக, பங்காளிகளுக்கு ஒரு வேண்டுகோள். புது பாஸ்வேர்டைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். தேவைப்படும் புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு மட்டும் போனில் சொல்லுங்கள், அதுவும் பார்க்க மட்டும் முடிகிற தனி யூசர்நேமோடு. முன்னோருக்கான படைப்புக்கு ஊருக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள். மாட்டிக் கொடுத்தவரை இன்றைக்கே கூப்பிடுங்கள்.