ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடலாமா?

விருத்தாசலத்தார்க்கு உரிமையான பழமொழி ஒன்று உண்டு. திருமுதுகுன்றத்துப் பெருமானிடம் பெற்ற பொன்னைச் சுந்தரர் இவ்வூர் மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற வழக்கு அதிலிருந்தே பிறந்தது என்பர். அவருக்கு இறையருள் துணை நின்றது. கணிப்பொறியில் இட்டதை இழந்து தேடுகிற நமக்கு அப்பேறு இல்லை.

சென்ற கோடையில் என் பழைய மாணாக்கர் ஒருவர் வந்தார். பீங்கான் பொம்மைத் தொழில் செய்பவர். பல்லாண்டுக் கணக்குகளைப் பழைய லினக்ஸ் கணிப்பொறியொன்றில் வைத்திருந்தார். இடம் போதாமையால் 250 ஜிகாபைட் வன்தட்டு ஒன்றைக் கூடுதலாக வாங்கிப் பொருத்தினார். பொறி காட்டியதோ 128. பொறியையே மாற்றிவிடும்படி கடைக்காரர் கூறினாராம். "மீதி எங்கே போயிற்று, ஐயா?" என்று கேட்டார்.

மீதி எங்கும் போகவில்லை. வருகைப் பதிவேட்டில் வரிசை எண்ணுக்கு இரண்டு இலக்கமே எழுத இடமிருந்தால், நூறாவது பிள்ளைக்கு எண் கிடையாது. பிள்ளை வகுப்பில் அமர்ந்திருந்தும் பதிவேட்டில் இல்லாதவனாவான். வன்தட்டின் கதையும் இதுவே. அது 512 பைட் கொண்ட சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டமும் எண் பெற்றிருக்கிறது. பழைய முறையில் அவ்வெண்ணுக்கு 28 இரும இலக்கங்களே உண்டு. ஆதலால் 26,84,35,456 கட்டங்களுக்கு மேல் எண்ணிட இயலாது. இதுவே 137 ஜிகாபைட் எல்லை. பின்னர் வந்த 48 இலக்க முறை இத்தடையை நீக்கியது. லினக்ஸின் கெர்னலும் 2002 இல் வெளியான 2.4.19 ஆம் பதிப்பில் அம்முறையை ஏற்றிருந்தது.

137 எவ்வாறு 128 ஆயிற்று? ஆயிரம் ஆயிரமாக எண்ணினால் 137. 1024 ஆக எண்ணினால் 128. இவ்வாறே 250 என்று விற்கப்பட்ட தட்டு 233 என்று காட்டினால், அது எண்ணும் முறையின் வேறுபாடேயன்றிக் குறையன்று. 128 இல் நின்றால்தான் ஐயுற வேண்டும். 528 மெகாபைட், 8.4 ஜிகாபைட், 33.8 ஜிகாபைட் ஆகியவற்றில் நிற்பன அதற்கும் முற்பட்ட தடைகள். 2.2 டெராபைட்டில் நிற்பது பழைய பகுப்பு அட்டவணையின் 32 இலக்கத் தடை. அதற்கு மருந்து ஜிபிடி அட்டவணை.

எண்ணைக் கண்டபின் இடத்தைக் காணவேண்டும். முதலில் கணக்குகளை வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, தட்டின் பின்புறத்தில் அளவைக் குறைத்துச் சொல்லவைக்கும் ஜம்பர் செருகப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பின்பு புதிய லினக்ஸ் குறுந்தட்டால் பொறியைத் தொடங்கி, எஃப்டிஸ்க் கட்டளையால் அளவைக் கேளுங்கள். முழு அளவு தெரிந்தால் குறை பழைய கெர்னலுடையது. அப்போதும் தெரியாவிடில் இணைப்புப் பலகையை ஐயுறலாம். வேறு பலகை பொருத்துக, அல்லது எல்லைக்குள் மட்டும் பகுத்துப் பயன்படுத்துக. எல்லைக்கு அப்பால் எழுதத் துணியவேண்டா. சில பழைய கருவிகளில் அவ்வாறு எழுதியது சுற்றிவந்து தட்டின் முற்பகுதியிலேயே விழும். முன்பிருந்த கணக்கு அழியும்.

பயாஸ் என்னும் தொடக்க நிரல் குறைந்த அளவைக் காட்டினாலும் கலங்கவேண்டா. வாயிற்காவலன் வாயில்வரைதான், கெர்னல் எழுந்தபின் அது தட்டுடன் நேரே பேசும். கெர்னல் கோப்பைத் தட்டின் தொடக்கத்தில் ஒரு சிறு பகுதியில் வைத்தால் போதும்.

மாணாக்கரின் பொறியில் குறை கெர்னலிடமே இருந்தது. புதியதை நிறுவினோம்; 233 தெரிந்தது. பொறியும் பிழைத்தது, கணக்கும் பிழைத்தது. குறை எவ்விடத்தது என்று அறியாமுன் பொருளைக் குப்பையில் எறிவதும், ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவதும் ஒன்றே.