நல்ல கல்வி இணையத்தளம் எது?

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் நூலகமும் தமிழ்ப் புத்தகக் கடையும் எப்போதும் அருகில் அமைவதில்லை. அவர்களுக்கு இணையத்தளமே பல வேளைகளில் ஆசிரியராகவும் நூலகமாகவும் விளங்குகிறது. தளத்தில் உள்ள பிழையைத் திருத்திச் சொல்ல அருகில் ஒருவர் இல்லையெனில், அப்பிழையே பாடமாக மனத்தில் பதிந்துவிடும். எனவே, இணையத்தளத்தை மதிப்பிடும் திறன் மாணவர்க்கு இன்றியமையாதது. உள்ளடக்கம், வடிவமைப்பு என்னும் இரண்டும் மதிப்பீட்டின் கூறுகளாகும்.

உள்ளடக்கம்

தளத்தை நடத்துவோர் யார் என்பதை முதலில் அறிதல் வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம், தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் 2001 பிப்ரவரி 17 அன்று தமிழ்நாடு அரசால் தொடங்கப்பட்டது. கேரளப் பள்ளிகளுக்கான ‘சமக்ர’ தளத்தை நடத்தும் கைட் நிறுவனம் திருவனந்தபுரத்தில் உள்ளது. நடத்துவோர் யாரெனத் தெரிந்தால், பிழையை அவர்களுக்குச் சுட்டிக்காட்டவும் இயலும்.

அடுத்தது, செய்தியின் உண்மைத்தன்மை. ‘மனோன்மணீயம்’ நாடகத்தை இயற்றிய பெ. சுந்தரனார் 1855இல் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராகப் பணியாற்றியவர். அவருடைய நாடகம் 1891இல் வெளிவந்தது. அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் திருநெல்வேலியில் உள்ளது. அதைக்கொண்டு அவர் அவ்வூரில் பிறந்தார் என ஒரு தளம் எழுதுமாயின், அது பிழையாகும்.

அந்நாடகத்தின் தமிழ்த் தெய்வ வணக்கப் பாடலின் ஒரு பகுதியே தமிழ்நாடு அரசின் தமிழ்த்தாய் வாழ்த்தாக 1970இல் ஏற்கப்பட்டது. மூலப் பாடலின் சில அடிகள் அதில் இடம்பெறவில்லை. தான் வெளியிட்டிருப்பது மூலப் பாடலா, அரசு ஏற்ற வடிவமா என்பதை நல்ல தளம் தெளிவாகக் குறிப்பிடும். குறிப்பிடாத தளத்தைக் கண்டு மனப்பாடம் செய்யும் மாணவர், சுருங்கிய வடிவத்தையே முழுப் பாடல் என நம்பிவிடுவர்.

வடிவமைப்பு

எழுத்து தெளிவாக இருத்தல், தேடிய பக்கத்தை எளிதில் அடைதல், கைப்பேசியிலும் படிக்க இயலுதல், விளம்பரங்கள் பாடத்தை மறைக்காதிருத்தல் ஆகியன நல்ல வடிவமைப்பின் இயல்புகள். தமிழுக்கு மற்றொன்றும் தேவை. ஒருங்குறியில் அமைந்த தமிழ் எல்லாக் கணினிகளிலும் தெரியும். சொல்லைத் தேடவும் முடியும். பழைய எழுத்துருவில் உள்ள பக்கம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். படமாக மட்டும் ஏற்றப்பட்ட பக்கத்தில் சொல்லைத் தேடுவது அரிது.

எதற்கு முதலிடம்?

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளம் எளிய தோற்றமுடையது. ஆயினும், தன்னார்வலர் உழைப்பால் உருவான அதன் மின்னூல்களில் தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் ஆகியோரின் பெயர்கள் குறிக்கப்பட்டுள்ளன. வண்ணமும் அசையும் படங்களும் மெய்ம்மைக்குச் சான்றாகா. உள்ளடக்கத்திற்கே முதலிடம், அதனைப் படிப்பவரிடம் கொண்டு சேர்ப்பது வடிவமைப்பு.

பயிற்சி

1. தளத்தை நடத்துவோர் யாரென அறிவதன் பயன் யாது?
2. ஒருங்குறியின் நன்மைகள் இரண்டனை எழுதுக.
3. சுந்தரனாரைப் பற்றி இரு தளங்களில் படித்து, வேறுபடும் செய்திகளைப் பட்டியலிடுக. எது சரி என்பதை நூலொன்றின் துணைகொண்டு உறுதிசெய்க.