வெளி மாநில அபராதமா? அலற வேண்டாம்!

சொந்தக் காரில் கேரளக் கோயில்களுக்குப் போய் வருகிற குடும்பங்களுக்கு இப்போது புதுத் தலைவலி ஒன்று. அங்கே 2023 ஜூன் முதல் ரோட்டோரக் கேமராக்கள் எடுக்கும் படத்தை வைத்து அபராதம் போடுகிறார்கள். நாம் ஊர் திரும்பிய பிறகு செல்போனுக்குத் தகவல் வருகிறது.

கார் என் பெயரில் இருப்பதால் எனக்குத்தான் வந்தது. ஓட்டிப்போன கொழுந்தனார் சீட் பெல்ட் போடவில்லையாம். அபராதம் 500 ரூபாய். "நான் கட்டிடறேன் அண்ணி" என்றவர் மறந்தே போனார். சில மாதம் கழித்து, வழக்கு கோர்ட்டுக்குப் போய்விட்டதாகத் தகவல்! "கேரளாவுக்கு யாரு அலையறது? விட்டுத் தள்ளுங்க" என்றார். கேஸ் என் பெயரில் அல்லவா நிற்கிறது? பக்கத்து வீட்டு வக்கீல் அம்மாவிடம் ஓடினேன்.

"அலைய வேண்டாம்மா" என்று அவர் பொறுமையாக விளக்கினார். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 208-வது பிரிவில் சின்னக் குற்றங்களுக்கு வழி இருக்கிறதாம். நேரில் போகலாம், வக்கீலை அனுப்பலாம், அல்லது குற்றத்தை ஒப்புக்கொண்டு பதிவுத் தபால் எழுதி, கோர்ட் குறித்த பணத்தை அனுப்பலாம். மணியார்டர் கூப்பனிலேயே ஒப்புக்கொள்ளலாம் என்றுகூடச் சட்டத்தில் எழுதியிருக்கிறதாம்!

இன்று ஏறக்குறைய அதே வசதி, 'விர்ச்சுவல் கோர்ட்' என்று இணையத்தில் இருக்கிறது. மாநிலத்தைக் குறிப்பிட்டு வண்டி நம்பரைப் போட்டால் வழக்கு தெரியும். அபராதம் கட்டுகிறீர்களா, வழக்காடுகிறீர்களா என்று கேட்கும். கட்டினால் வழக்கு முடிந்தது.

ஆனால் ஒன்று சகோதரிகளே! கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அதனால் முதலில் படத்தைப் பாருங்கள். நம் வண்டிதானா, நம்பர் சரிதானா, அன்று அந்த ஊருக்குப் போனோமா? தவறாக வந்திருந்தால், தொல்லை விட்டது என்று கட்டிவிடாதீர்கள். வழக்காடுவதாகச் சொன்னால் அது அந்த ஊர் கோர்ட்டுக்குப் போகும். அங்கேயும் வக்கீல் ஆஜராகலாம். விபத்து, குடித்துவிட்டு ஓட்டியது போன்றவற்றுக்கு இந்தச் சுலப வழியை நம்பாமல் வக்கீலைக் கேட்டே நடக்க வேண்டும்.

எங்களுக்கு வந்த படத்தில் கொழுந்தனார் முகமே பளிச்சென்று தெரிந்தது! அவரிடமே பணம் வாங்கிக் கட்டி, ரசீதை ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிட்டேன்.

வாட்ஸ்அப்பில் 'அபராதம்' என்று வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். மோசடிக்காரர்கள் வேலையாக இருக்கும். அரசு இணைய முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்றுதான் முடியும். வண்டிப் பதிவில் பழைய செல் நம்பர் இருந்தால் உடனே மாற்றுங்கள். தகவல் வராததால் வழக்கு நின்றுவிடாது!

- ஒரு வாசகி, கோவை.