நிலமும் பொழுதும்

அகப்பொருளிலக்கணம் பயில்வோர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என ஒருங்கு வைத்துக் கற்கின்றனர். கணினிக்கு நிரல் எழுதுவோரும் இவ்விரண்டையும் பிரித்தல் ஆகாது என்பதைச் சென்ற ஆண்டு எம் கையால் நேர்ந்த பிழையொன்று எமக்கு நன்கு உணர்த்திற்று. அதனைக் கூறி, அதன் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாணவர் கட்டுரைப் போட்டி ஒன்றுக்கு வரும் கட்டுரைகளைக் கணினி வழியாகப் பெறுதற்கு யாமே பைதான் மொழியில் சிறு நிரலொன்று எழுதினோம். இறுதி நாள் மாலை 5 மணிக்குமேல் வருவன ஏற்கப்படா என்பது விதி. அன்று 4.45 மணிக்கு முதலாண்டு மாணவர் ஒருவர் அனுப்பிய கட்டுரையை நிரல் 'காலங்கடந்தது' எனத் தள்ளிற்று. அவர் வந்து முறையிட்டார். கணினி பொய் சொல்லாது என்று கூறி அவரைத் திருப்பி அனுப்பினோம். மறுநாள் வேறிருவர் அதே குறையுடன் வந்து நின்றபொழுதுதான் எம் நிரலை யாம் ஐயுறத் தொடங்கினோம்.

கணினி நேரத்தை எவ்வாறு கொள்கின்றது என்பதை முதற்கண் நோக்குவாம். 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், உலகப் பொது நேரப்படி நள்ளிரவு தொடங்கிக் கழிந்த விநாடிகளை எண்ணி வைத்தல் பெருவழக்கு. இடையிடையே சேர்க்கப்பெறும் மிகை விநாடிகள் இக்கணக்கில் வாரா. இவ்வெண் சென்னையிலும் இலண்டனிலும் ஒன்றே. மக்கள் கடிகாரத்திற் காணும் நேரமோ அத்தகையதன்று. இந்திய நேரம் 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டை அடிப்படையாகக் கொண்டு, உலகப் பொது நேரத்தினும் 5 மணி 30 நிமிடம் முந்தி நிற்பது. ஆதலின் 'மாலை 5 மணி' என்று மட்டும் எழுதின், அது முடிக்குஞ்சொல் பெறாத எச்சம்போல் நிற்கும். எவ்வூர் மாலை என்று கூறினாலன்றிப் பொருள் நிரம்பாது. பைதான் மொழியும் வலயம் அறிந்த நேரம், வலயம் அறியாத நேரம் என நேரத்தை இருவகைப்படுத்துகின்றது. இவற்றுள் எது முந்தியது என ஒப்பிடப் புகின், பிழையெனக் கூறி நின்றுவிடும்.

யாம் இதனை அறியாதிருந்தோமல்லேம். 5 மணி என்பதனோடு 'ஆசியா/கொல்கத்தா' என்ற வலயப் பெயரையும் சேர்த்தே எழுதியிருந்தோம். பின் பிழை எங்ஙனம் புகுந்தது?

உலகின் நேர வலயங்களைத் தொகுத்த தரவுத்தளம் ஒன்று உண்டு. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980களில் தொடங்கிய அப்பணியைப் பின்னர்ப் பால் எகர்ட் என்பவர் ஏற்று நடத்தி வருகின்றார். பலரும் எடுத்தாளும்பொருட்டு எழுதி வைத்த நிரற்றொகுதிகளை 'நூலகம்' என்பர். நேரத்தைக் கையாளும் நூலகங்கள் பல இத்தரவுத்தளத்தையே நம்பியுள்ளன. இதில் ஒவ்வோர் ஊர்ப்பெயரின்கீழும் அவ்வூர் நேரத்தின் வரலாறே அடங்கியிருக்கும். கொல்கத்தாவின் முதல் வரி, பொது நேரம் வகுக்கப்படுமுன் ஞாயிற்றின் போக்கையொட்டி அந்நகர் கொண்டிருந்த நேரம்: 5 மணி 53 நிமிடம் 28 விநாடி. 1906இல் வந்த 5 மணி 30 நிமிடமும், போர்க்காலத்தில் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை வழங்கிய 6 மணி 30 நிமிடமும் அதன்பின் வரும் வரிகளிற் காணப்படும்.

யாம் எடுத்தாண்டது 'பைடிஸெட்' என்னும் பழைய நூலகம். அதன் வலயத்தை நேரத்தோடு நேரே ஒட்டினால், அந்நூலகம் தேதியை நோக்காது முதல் வரியையே எடுத்துக்கொள்ளும். விநாடிகளை விடுத்து 5 மணி 53 நிமிடம் என்று கொள்ளும். எனவே யாம் குறித்த 5 மணி பண்டைக் கல்கத்தாவின் 5 மணியாயிற்று. அஃதாவது இன்றைய இந்திய நேரம் 4.37. கட்டுரை வந்த நேரத்தை நிரல் பிழையின்றியே குறித்திருந்தது. வாயிலைத்தான் 23 நிமிடம் முன்னரே அடைத்துவிட்டது. அந்நூலகத்தில் 'லோக்கலைஸ்' என்னும் செயல்வழியே வலயத்தைச் சேர்த்திருப்பின் இத்தவறு நேர்ந்திராது. 2020இல் வெளிவந்த பைதான் 3.9 பதிப்பிலுள்ள 'ஸோன்இன்ஃபோ' நூலகம் தேதியை நோக்கி உரிய வரியைத் தானே தேர்ந்துகொள்ளும்.

இத்துணை இடர் எதற்கு, 5 மணி 30 நிமிடம் என்னும் எண்ணையே எழுதிவிடலாகாதோ எனின், ஆகாது. இலங்கையை நோக்குக. அந்நாடு 1996 மே மாதத்தில் 6 மணி 30 நிமிடத்திற்கும், அவ்வாண்டு அக்டோபரில் 6 மணிக்கும் மாறி, 2006 ஏப்ரலில் 5 மணி 30 நிமிடத்திற்கு மீண்டது. கொழும்பில் 2000ஆம் ஆண்டின் காலை 6 மணி உலகப் பொது நேரத்தில் நள்ளிரவு. 2010ஆம் ஆண்டின் காலை 6 மணியோ நள்ளிரவு கழிந்து அரைமணி. எண் ஒருகாலத்து நிலையை மட்டும் கூறும். ஊர்ப்பெயரோ மாற்றங்களையெல்லாம் தன்னுள் அடக்கி நிற்கும்.

ஆகவே நடந்து முடிந்ததனை உலகப் பொது நேரத்திற் குறித்து வைத்தல் நன்று. வருங்காலத்தில் ஓரிடத்து நிகழவிருப்பதற்கு அவ்விடத்துக் கடிகார நேரத்தையும் வலயப் பெயரையும் சேர்த்தே வைத்தல் வேண்டும். இடையே அரசாங்கம் விதியை மாற்றினும் மாற்றும். அம்மாற்றங்கள் தரவுத்தளத்திற் சேருந்தோறும் நம் நூலகத்தையும் புதுப்பித்துக்கொள்ளுதல் கடனாம்.

மூவர் கட்டுரைகளும் நடுவரிடம் சேர்ப்பிக்கப்பெற்றன. முதலாண்டு மாணவரின் விடுதியறைக்குச் சென்று மன்னிப்பு வேண்டினோம். "அண்ணா, ஊர்ப்பெயர் எழுத மறந்துவிட்டீர்களா?" என்று அவர் வினவினார். "ஊரைச் சரியாகத்தான் எழுதினோம், தம்பி. அதனை எந்தக் காலத்து ஊராக நூலகம் கொண்டது என்று பார்க்கவில்லை, நீர் சொன்னபொழுதும் பார்க்கவில்லை" என்றோம்.