தீராத நோயும் தீரும் வலியும்

சாரல் காலத்தில் ஆரோக்கியம் நாடிக் குற்றாலம் வருவோர் ஆயிரமாயிரம். ஆனால், நோய் தீரும் மார்க்கமில்லாத தென்காசிக் குழந்தையின் வலியையேனும் தணிக்கக் கற்ற வைத்தியர் வேண்டாமா? எம்.பி.பி.எஸ்., அதன்மேல் குழந்தை வைத்தியத்தில் எம்.டி. பெற்ற பின்னரும் மார்பின் கொடுக்கப் பல டாக்டர்களின் கை நடுங்குகிறது. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் விளைத்த அச்சம் அது. 2014-ல் சட்டம் திருந்திற்று, அச்சம் திருந்தவில்லை. ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால், திருவனந்தபுரத்தில், டாக்டர் எம். ஆர். ராஜகோபால் 2003-ல் தோற்றுவித்த பாலியம் இந்தியா ஸ்தாபனம் இந்தச் சிகிச்சையை டாக்டர்களுக்குப் போதித்து வருகிறது. தென்காசி தனி ஜில்லாவானது 2019-ல். அதன் இளம் டாக்டர் ஒருவரையேனும் சம்பளத்துடன் அங்கு அனுப்பும்படி சர்க்காரைக் கேட்கிறோம். பணம் சேராத துறைக்குச் சொந்தச் செலவில் போகச் சொல்வது நியாயமன்று.