கடலேறுவார் கருவிகள்

வட துருவத்தை அடுத்த நாடுகளில் குளிர்காலத்து ஏரிகள் பாறைபோல் உறைந்துவிட, அந்நாட்டார் அவற்றின்மீது நடந்து சென்று, துளையிட்டுத் தூண்டில் இறக்கி மீன் பிடிப்பர். ஒருவர் நிற்பதற்குத் தெளிந்த பனிக்கட்டி 4 அங்குலக் கனமேனும் இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் விதி. மீனைக் கருதுமுன் காலடியைக் கருத வேண்டியவர் அவர். நமது செங்கற்பட்டுக் கொளவாய் ஏரி ஒருநாளும் உறைவதன்று; ஆயினும் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினக் கரைகளிலிருந்து கடலேறும் பட்டினவர்க்கும் அம்முறையே பொருந்துமென்பது எம் கருத்து.

அவர்க்குக் காலடியாவது மரம். எடை குறைந்த மரத்துண்டுகள் சிலவற்றைச் செதுக்கிக் கயிற்றால் பிணித்ததே கட்டுமரம். மேலேறிய அலைநீர் இடுக்குவழியே ஒழுகிவிடுதலின் அது மூழ்குவதில்லை. கரை சேர்ந்தபின் கட்டவிழ்த்து உலர்த்துவர். நீரூறிய மரம் கனக்குமன்றோ? ஆங்கிலர் தம் மொழியிற் சேர்த்துக்கொண்ட இப்பெயருக்குரிய கலம் இன்று அருகிவிட்டது. 2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலைக்குப்பின் பொறி பூட்டிய ஃபைபர் படகுகளே கரையெங்கும் மிகுந்தன. துடுப்பும் பாயும் இருந்த இடத்தில் எண்ணெயும் திருகுகருவிகளும் வந்தன. கயிறும் நங்கூரமும் மட்டும் மாறவில்லை.

இனி வலை. முன்னாளிற் பருத்தி நூலால் முடைந்து, மரப்பட்டைச் சாற்றில் தோய்த்து, வெயிலில் உலர்த்தினர். இன்றேல் அது விரைவில் இற்றுப்போம். நைலான் வந்தபின் அத்தொல்லை ஒழிந்தது. ஆனால் அறுந்து கடலில் வீழ்ந்த நைலான் வலை மட்காது, எடுப்பாரின்றியே நெடுங்காலம் மீனைக் கொல்லும். வலையைத் தேர்வார் முதலில் நோக்குவது கண்ணின் அளவு. மீனின் தலை நுழைய வேண்டும், உடல் நுழையலாகாது, பின்வாங்குங்கால் செவுள் மாட்டிக்கொள்ளும். ஆதலின் கவலை மீனுக்குச் சிறுகண், வஞ்சிரத்திற்குப் பெருங்கண். மேற்கயிற்றில் மிதவையும் கீழ்க்கயிற்றில் ஈயமும் கோப்பர். மிதவை விஞ்சினால் வலை நீர்மட்டத்தில் நிற்கும், ஈயம் விஞ்சினால் அடியிற் சென்று நிற்கும். நிறைமதி நாளிற் பரதவர் கடற்குச் செல்லாது மகிழ்ந்திருந்ததைப் பட்டினப்பாலை கூறும். நிலவொளியில் வலை மீனுக்குப் புலனாகும் என்று இக்காலத்தாரும் சொல்வதை அதனோடு ஒப்பிட்டு மகிழ்ந்தோம்.

பனிக்கட்டியும் இங்கு ஒரு கருவியே. ஒருகாலத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து கப்பலில் வந்திறங்கி, 1842-இல் எழுந்த சென்னை ஐஸ் ஹவுஸில் வைக்கப்பெற்ற அரும்பொருள், இன்று உடைத்துப் பெட்டியில் நிரப்பும் எளிய சரக்காயிற்று. கோடை வெயிலில் அஃதில்லாத மீன் சில நாழிகையிலேயே விலை இழக்கும்.

கடன் வாங்கித் தொழில் தொடங்கும் இளைஞன் எதனை முதலில் வாங்குவது? பெரும்பாலோர் வலையையே சொல்வர். யாமோ உயிர்காப்புச் சட்டையைச் சொல்லுவோம். வலை இழுக்கக் கைக்கு இடையூறென்று அதனைக் கரையில் விட்டுச் செல்வாரும் உளர். வலையை மீண்டும் முடையலாம். அடுத்து ஒரு கூரிய கத்தி. சுழலியிற் கயிறு சுற்றிக்கொண்டால் அறுக்க உதவுவது அது. தை முதல் பங்குனிவரை முட்டையிட இக்கரையை நாடும் பங்குனி ஆமை வலையிற் சிக்கினால், மூச்சுவிட மேலெழ இயலாது மாளும். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கும் அவ்வுயிரை விடுவிக்கவும் நாலைந்து கண்களை அறுத்தாற் போதும்.