தட்டணு குறைந்தால் டெங்குதானா?

மும்பையில் மழை பிடித்துவிட்டால் ஆஸ்பத்திரி வார்டுகளில் ஒரே கேள்விதான்: "கவுண்ட் எவ்வளவு?" ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால் போதும். "டெங்குதான்" என்று பக்கத்துக் கட்டில்காரர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். ஊரிலிருந்து போன் மேல் போன் வரும். பப்பாளி இலை தேடி ஒருவர் கிளம்புவார். ரத்தம் கொடுக்க ஆள் தேடி இன்னொருவர் அலைவார்.

டெங்குவில் தட்டணு குறையும் என்பது உண்மை. ஆனால் கொசு கடிக்காமலே அது குறைவதும் உண்டு. டைபாய்டு, சீதபேதி போன்ற கடுமையான குடல் நோய்களும் அந்த வேலையைச் செய்யும்.

தட்டணுக்கள் ரத்தத்தை உறைய வைப்பவை. எலும்பு மஜ்ஜையில் பிறந்து ஏழு முதல் பத்து நாள் வாழ்பவை. ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 1½ லட்சம் முதல் 4½ லட்சம் வரை இருக்க வேண்டும்.

குழாயில் தண்ணீர் நின்றுபோன நேரத்தில், பக்கத்துச் சாக்கடை நீர் கீறல் வழியே உள்ளே இறங்கிவிடும். அதோடு வரும் டைபாய்டு கிருமி குடலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து மஜ்ஜை, கல்லீரல், மண்ணீரல் என்று குடியேறுகிறது. மஜ்ஜையில் உற்பத்தி மந்தமாகிறது. வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நோய் முற்றினால் நுண்ணிய ரத்தக் குழாய்களில் கண்ட இடத்தில் உறைவு ஏற்பட்டு, மிச்சமும் தீர்ந்துவிடுகிறது. வரவு குறைவு, செலவு அதிகம். கையிருப்பு இறங்காமல் என்ன செய்யும்?

அதனால்தான் வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாகப் படுத்தவருக்கு கவுண்ட் நாளுக்கு நாள் இறங்கினால் டாக்டர்கள் உஷாராகிறார்கள். நோய் குடலைத் தாண்டி உடம்பெங்கும் பரவுகிறதோ என்று பார்க்கிறார்கள்.

சீதபேதியில் வேறு ஆபத்து

1897-இல் ஜப்பானில் ஷிகா என்ற மருத்துவர் கண்டறிந்த சீதபேதிக் கிருமி ஒருவித நஞ்சைச் சுரக்கிறது. அது சிறுநீரகத்தின் மெல்லிய குழாய்களைப் புண்ணாக்க, தட்டணுக்கள் அங்கே ஒட்டித் தீர்ந்துபோகின்றன, சிவப்பணுக்களும் உடைகின்றன. பெரும்பாலும் குழந்தைகளுக்கே இப்படி நேர்கிறது. தென்னிந்தியக் குழந்தைகளிடம் கண்ட இந்தச் சிக்கலைப் பற்றி வேலூர் டாக்டர்கள் 1978-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். பேதி அடங்கி வருகிறதே என்று வீட்டார் நிம்மதி அடையும் வேளையில்தான் இது தலைகாட்டும். குழந்தை வெளுத்துப்போகும், சிறுநீர் குறையும். அப்போது ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

எதற்கு ஓடுவது?

தட்டணு ஏற்றுவதற்கு எல்லோரும் ஓட வேண்டியதில்லை. ரத்தக் கசிவு இல்லாதவருக்கு, பொதுவாக 10 ஆயிரத்துக்குக் கீழே போனால்தான் ஏற்றுகிறார்கள். கசிவு இருந்தாலோ, ஆபரேஷன் என்றாலோ கணக்கு வேறு. பப்பாளிச் சாறு குடல் கிருமியைக் கொல்லாது. வாந்தி எடுப்பவருக்கு அதைப் புகட்டுவது தொல்லைதான். கிருமிக்குச் சரியான மருந்து ஏறினால் காய்ச்சல் தணியும், தட்டணுவும் தானே ஏறும்.

ஓட வேண்டியது ரத்தக் கல்ச்சர் பரிசோதனைக்கு. கிருமிக்கொல்லி மருந்து தொடங்குவதற்கு முன்பே ரத்தம் எடுத்தால்தான் இது நன்றாகப் பயன்படும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். வைடால் சோதனை சீக்கிரம் கிடைக்கும்; ஆனால் பழைய நோயின் தடத்தைக் கூட அது புதிய நோய் போலக் காட்டிவிடும்.

தினக்கூலிக்காரர்களின் சங்கடம் வேறு. காய்ச்சல் இறங்கிய மறுநாளே, கூலி போகிறதே என்று எழுதிக் கொடுத்துவிட்டு வார்டை விட்டுக் கிளம்புகிறார்கள். டைபாய்டில் குடல் ஓட்டையாவதும் உள்ளே ரத்தம் கசிவதும் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான். தட்டணுவும் குறைந்திருந்தால் கசிவு எளிதில் நிற்காது. திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி, தார் போன்ற கறுத்த மலம், ஈறில் ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளிகள் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் இரவென்று பாராமல் திரும்பிப் போக வேண்டும். உடம்புவலிக்கு ஆஸ்பிரின், புரூஃபென் மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்குவதும் கசிவை அதிகமாக்கும். காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும்.